பொப்பிப் பூவும் பூவரசம் பூவும்

கந்தப்பளையில் பூவரச மரத்தைக் காண்பது அரிது. அது கரையோரத்து மரம். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர் அதற்கு ஒவ்வாது. சிங்களத்தில் சூரிய மல் எனப்படும் அதன் மஞ்சள் பூவைப் பற்றி அங்குள்ள தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எவரேனும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம், நவம்பர் மாதத்தில் பெரியவர்களின் சட்டைகளில் சிவப்புப் பொப்பியைக் காணும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு.

முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் திகதி ஓய்ந்தது. அந்நாளில் பொப்பிப் பூ விற்று முன்னாள் படைவீரருக்கு நிதி சேர்க்கும் வழக்கம் 1921இல் பிரித்தானியாவில் தொடங்கிக் குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளும் அதை வாங்க வேண்டியிருந்தது. நோக்கத்தைக் குறைகூற இயலாது. காலிழந்தும் கண்ணிழந்தும் திரும்பியவர்களுக்கு உதவுவது கடமையே. ஆனால் இங்கு திரண்ட பணம் பிரித்தானிய வீரருக்கே போயிற்று. அதே போருக்குச் சென்று மீண்ட இலங்கையர் கவனிப்பாரற்றுக் கிடந்தனர். அவர்களுள் ஒருவரான ஏலியன் பெரேரா, அதே நாளில் போட்டியாகச் சூரிய மல் விற்பனையைத் தொடங்கினார்.

1933இல் டொரீன் யங் விக்கிரமசிங்க இதுபற்றிச் 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்திலிருந்து ஆசிரியையாக வந்தவர் அவர். தம் நாட்டு வீரர் வாடியிருக்க, அந்நிய நாட்டு வீரருக்காக இலங்கைச் சிறுவரிடம் காசு பெறுவது என்ன நியாயம் என்பதே அவரது கேள்வி. சொந்த இனத்தவரின் வசைக்கு அவர் ஆளானார். (பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கட்டுரையின் வலிமை சில வேளைகளில் வசைகளைக் கொண்டே தெரியவரும்.) அதன்பின் தென்கொழும்பு இளைஞர் சங்கத்தினர் அவ்வியக்கத்தைப் போர் எதிர்ப்பு, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாற்றினர். பூ வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகள். சேர்ந்த பணமும் சொற்பமே. ஆயினும் 1934-35 மலேரியாக் கொள்ளை நோயின்போது கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றவர்கள் அந்த இளைஞர்கள்தாம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களும் அவர்களே.

மலையகத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். 1914இல் தோட்டத் துரைமார் தங்களுக்கென இருந்த 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள்' படையில் எகிப்துக்குக் கப்பலேறினர். அவர்களுள் மடிந்தோருக்கு நினைவுச் சின்னங்கள் உண்டு. அப்படையில் தொழிலாளிக்கு இடமில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அவர்களது உழைப்புக்கு இடமிருந்தது. 1940இல் பிரித்தானியாவில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை என்று பங்கீடு வந்தது. ஜாவாவும் சுமாத்திராவும் 1942இல் ஜப்பானியர் கைக்குச் சென்றபின், இலங்கைத் தேயிலையும் இந்தியத் தேயிலையும் இன்றியமையாதன ஆயின. அதே ஆண்டில் பர்மா வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. லயத்து அடுப்புகளில் கோதுமை மா ரொட்டி வேகத் தொடங்கியது. கந்தப்பளைப் பிள்ளையொன்று, எங்கள் பாட்டன் போருக்குப் போனாரா என்று வினவினால், பாட்டி பறித்த கொழுந்து போயிற்று என்று ஆசிரியர் தயங்காமல் சொல்லலாம்.

இன்னொரு பெயரையும் அவர் சொல்ல வேண்டும். போர் தொடங்கிய சில மாதங்களில், 1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அப்போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் சூரிய மல் விற்ற அதே சமசமாஜிகள். ஜனவரி 10 இன்று மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகின்றது.

2009 மே மாதத்தில் முடிந்த உள்நாட்டுப் போரின் பின்னர் படைவீரருக்கென்று ஒரு நாளும் வந்தது. அதே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் தம் இறந்தோருக்கு விளக்கேற்றுகின்றனர். இரண்டையும் ஒரே வகுப்பறையில் பேசும் துணிவு நம் பாடநூல்களுக்கு இல்லை என்பது என் கருத்து. அந்தத் துணிவு இல்லாதவிடத்துப் பூவரசம் பூவிலிருந்தேனும் தொடங்கலாம். அக்கதை தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் பொதுவானது.

உலகப் போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், 1948இன் குடியுரிமைச் சட்டம், பிரித்தானியாவுக்குத் தேயிலை பறித்தனுப்பிய தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று. அதற்குள் அந்தப் பாட்டிமார் பலர் இறந்துவிட்டிருந்தனர்.