காக்ஸ் டவுன் வட்டாரத்தின் நீர் வரலாறு

ஊர் உண்ணும் நீர்நிலையை ‘ஊருணி’ எனத் தனியே பெயரிட்டு வழங்கியது தமிழ் மரபு. உண்ணும் நீரைப் பிற பயன்பாட்டு நீரினின்று பிரித்துக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. அவ்வெண்ணம் நகரவாழ்வில் தளர்ந்தமைக்குப் பெங்களூரின் காக்ஸ் டவுன் வட்டாரம் தக்க சான்றாகும்.

இவ்வட்டாரத்தில் தமிழும் ஏரியும் கொண்ட உறவு ஆங்கிலேயர் காலத்திற்கு மிக முற்பட்டது. அல்சூரை அடுத்த டொம்லூர்ச் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டொன்று, ஜலப்பள்ளி நிலத்தையும் விண்ணமங்கலம் ஏரியையும் தம்பதியர் இருவர் இறைவனுக்கு அளித்ததைக் கூறுகிறது. ஏரி கொடைப்பொருளாகக் கருதப்பட்ட காலம் அது.

1809இல் கன்டோன்மென்ட் நிறுவப்பட்டபின் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பெருமளவில் குடியேறினர். 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம் ஏரி, கிணறுகளின் போதாமையை உணர்த்திற்று. 1882இல் சாங்கி ஏரி அமைந்தது. 1896இல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்வழி நீர் வந்தது. 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின், நெரிசல் தவிர்த்த புதிய குடியிருப்புகளாகப் பிரேசர் டவுனும் காக்ஸ் டவுனும் எழுந்தன. குழாய்நீர் நகருக்கு வந்த பின்னரே இப்பகுதி உருவாயிற்று என்பது கருதத்தக்கது.

1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி என நீரின் ஊற்றுக்கண் மேன்மேலும் விலகிச் சென்றது. இன்று காவிரி நீர் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவு மேலேற்றப்பட்டு வருகிறது. குழாய்நீர் மக்களின் நலத்தைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அருகிலிருந்த நீரைக் காக்கும் பொறுப்பு, அதை உண்ணாதவரிடம் எஞ்சவில்லை. அல்சூர் ஏரியில் கழிவுநீர் கலந்தது. 2016 மார்ச்சில் மீன்கள் திரளாக இறந்து மிதந்தன.

கண்ணுக்குப் புலனாகும் இவ்வழிவினும் புலனாகாதது கொடிது. பெங்களூரின் நிலம் கடும்பாறை நிலம். மேலுள்ள சிதைந்த பாறைப் படிவ நீரைத் திறந்த கிணறுகளும், ஆழத்துப் பிளவுகளின் நீரை ஆழ்துளைக் கிணறுகளும் தருகின்றன. கசியும் சாக்கடைக் குழாயின் கழிவு இப்பிளவுகளின் வழியே இறங்கி நைட்ரேட்டாக நிலைக்கிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளி ஏற்கும் திறன் குன்றும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட்டோ செறிவு கூடும். கொதிநீரே தூயநீர் என நம்பும் இல்லங்களுக்கு இது தெரிந்திருத்தல் வேண்டும்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் நகரம் மீண்டும் ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையும் தேடி அலைந்தது. கைவிடப்பட்ட நீரே அப்போது உண்ணுநீராயிற்று. 2009ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மழைநீர்ச் சேமிப்பைப் பெங்களூரில் கட்டாயமாக்கியது நற்செயலே. எனினும் கூரைநீர் வடிகட்டப்பட்டே நிலத்துள் இறங்க வேண்டும். தெருவில் வழியும் நீரையும் உடன்சேர்த்து ஆழ்துளைக்குள் விட்டால், மண்ணின் இயல்பான வடிப்பு இன்றிக் கழிவு நேரே பாறைப் பிளவைச் சென்றடையும்.