எம்மா, மைக், நவம்பர்

ஆபரேட்டர் வழியே வெளியூர் பேசிய டிரங்கு கால் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் போர்டு முன்னால் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள் நான். குறிப்பிட்ட ஆளையே கேட்கும் பி.பி. கால் வந்தால், யாரோடு பேச வேண்டுமோ அவர் பெயரை இனிஷியலோடு டிக்கெட்டில் எழுதி, அந்த ஊர் ஆபரேட்டருக்குச் சொல்ல வேண்டும். எம். ராமசாமியா, என். ராமசாமியா? லைனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். அதனால் ‘எம் ஃபார் மெட்ராஸ்’, ‘என் ஃபார் நெல்லூர்’ என்போம்.

இந்தப் பழக்கம் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. முதல் உலகப்போருக்கு முன்பே பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல்காரர்கள், காதைக் குழப்பும் சில எழுத்துகளுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டார்கள். எம் என்ற எழுத்து ‘எம்மா’ ஆனது. என் அப்படியே நின்றது. ஜோடியில் ஒன்றை மாற்றினால் போதும் என்ற கணக்கு. அந்தப் பேச்சு பட்டாளத்தில் அப்படி ஊறிப்போனது: முற்பகலை (ஏ.எம்.) ‘ஆக் எம்மா’ என்றும் பிற்பகலை (பி.எம்.) ‘பிப் எம்மா’ என்றும் சொன்னார்கள்.

எம்மா என்பது கெட்டிக்காரப் பெயர். எம், என் இரண்டுமே ‘எ’ என்று தொடங்குகின்றன. வித்தியாசம் முழுக்கக் கடைசியில்தான்: ஒன்றுக்கு உதடு மூடுகிறது, மற்றதற்கு நாக்கு மேலே ஒட்டுகிறது. அந்த நேரத்தில் மூச்சு மூக்கு வழியே போவதால் இரண்டிலும் கேட்பது தாழ்ந்த முனகல்தான். தொலைபேசி லைனோ ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். முனகலின் அடித்தளம் அதற்குக் கீழே போய்விடும். பின்னால் ஓர் உயிரெழுத்து வந்தால் உதடு திறக்கும் சத்தமாவது காதில் விழும். எம்மாவில் அது இருக்கிறது. 1955இல் மில்லர், நைஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இரைச்சலுக்கு நடுவே மெய்யொலிகளைக் கேட்கவைத்துச் சோதித்தார்கள். வந்தது மூக்கொலி என்பது கடும் இரைச்சலிலும் தெரிந்தது. எந்த மூக்கொலி என்பதுதான் முதலில் தொலைந்தது.

விமானங்கள் பெருகியபோது இந்த எழுத்துக் குழப்பம் உயிர்ப் பிரச்சினை ஆனது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுவோர் எல்லோருக்கும் பொருந்தும் சொற்களைத் தேடும் வேலையில் மாண்ட்ரியால் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான்-பால் வினே பங்கெடுத்தார். 1951 நவம்பரில் சர்வதேச சிவில் விமான அமைப்பின் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் எம் ‘மெட்ரோ’, என் ‘நெக்டர்’. இரண்டும் மூக்கொலி, அதன் பின்னாலேயே ‘எ’! எங்கள் மெட்ராஸ், நெல்லூர் ஜோடிக்கும் இதே குறைதான். நெக்டர், வி எழுத்துக்கான ‘விக்டர்’ போலக் கேட்டதும் விமானிகளுக்குத் தலைவலியானது. 1956 மார்ச் 1 முதல் ‘மைக்’, ‘நவம்பர்’ வந்தன. மைக் புதிதல்ல, அமெரிக்கப் படைகள் இரண்டாம் உலகப்போரில் பழகிய சொல். ஒன்று ஓரசை, மற்றது மூவசை. முதல் ஒலி முழுதாகத் தொலைந்தாலும் நீளமே காட்டிக்கொடுத்துவிடும். இன்றுவரை அந்த இரண்டையும் யாரும் மாற்றவில்லை.

நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து எங்கள் போர்டுகள் போய்விட்டன. எம்மும் என்னும் செல்போனிலும் குழம்பத்தான் செய்கின்றன. அடுத்த முறை வங்கிக்கோ மருத்துவமனைக்கோ இனிஷியல் சொல்லும்போது ‘மைக்’ என்றோ ‘நவம்பர்’ என்றோ சொல்லுங்கள். எழுதுபவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போங்கள்.