யார் கதவைத் தட்டினார்கள்? பிரித்தானிய வீடுகளின் சூடும் ஒரு பழைய பில்லும்

போன டிசெம்பரில் எங்களில் ஒருவருடைய சித்தப்பா லண்டனிலிருந்து கோல் எடுத்திருந்தார். சுகம் விசாரித்து முடிய, கதை அவர் வீட்டுப் பொயிலரில் வந்து நின்றது. பதினெட்டு வருஷப் பழசு. திருத்த வந்தவர், "இன்னும் ஒரு விண்டர் தாக்குப் பிடிக்கும், அதுக்குப் பிறகு யோசியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பவும் காஸ் பொயிலரே பூட்டுவதா, அரசாங்கம் சொல்லுகிற ஹீற் பம்புக்கு மாறுவதா? "உலகத்தைக் காப்பாத்த எனக்கும் விருப்பம்தான். ஆனா அந்தக் காசை ஆர் குடுக்கிறது?" என்று கேட்டார்.

வெக்கையில் ஃபான் இல்லாமல் விரிவுரை கேட்கிற எங்களுக்கு வீட்டைச் சூடாக்குவது தூரத்துப் பிரச்சினைதான். ஆனாலும் அவருடைய கேள்வி விடவில்லை. நூலகத்திலும் இணையத்திலும் தேடித் தேடி வாசித்தோம். அந்தக் கேள்விக்கு எழுபது வருட வரலாறு இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறோம். பிரித்தானியாவில் நூறு வீடுகளில் கிட்டத்தட்ட எண்பத்தைந்து, குழாய் வழியே வரும் எரிவாயுவால்தான் சூடாகின்றன. சுவரில் பூட்டிய பொயிலர் தண்ணீரைச் சூடாக்கி அறைகளில் உள்ள ரேடியேற்றர்களுக்கு அனுப்பும். அந்த எரிப்பில் வெளியேறும் காபனீரொட்சைட்டைக் குறைக்காமல் காலநிலை இலக்கை எட்ட முடியாது. ஹீற் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றிலோ மண்ணிலோ இருக்கிற வெப்பத்தை இழுத்து உள்ளே கொண்டுவரும். ஒரு அலகு மின்சாரம் கொடுத்தால் ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் கிடைக்கும்.

இந்த விவாதத்தைப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் எழுதுகின்றன. ஒரு பக்கம் சூழலியலாளர்கள், மறுபக்கம் மாற்றத்தை விரும்பாத சாதாரண சனம். ஆனால் அதே சாதாரண சனம் ஒரே தலைமுறைக்குள் இரண்டு தரம் தங்கள் வீட்டு நெருப்பை மாற்றியிருக்கிறது.

முதலாவது, நிலக்கரி. ஆங்கிலேயருக்குக் கணப்படுப்பு என்பது வெறும் சூடு இல்லை, குடும்பம் கூடுகிற இடம். ஜோர்ஜ் ஓர்வெல் 1945 டிசெம்பர் 8ஆம் திகதி ‘ஈவினிங் ஸ்ராண்டர்ட்’ பத்திரிகையில் திறந்த நிலக்கரி அடுப்புக்கு ஆதரவாக ஒரு கட்டுரையே எழுதினார். அது எரிபொருளை வீணாக்குகிறது, புகையைக் கக்குகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. இருந்தாலும் வீட்டில் ஒரு அறையிலாவது அது இருக்கவேண்டும் என்றார். சரியாக ஏழு வருடம் கழித்து, 1952இல், அதே நாட்களில்தான், டிசெம்பர் 5 முதல் 9 வரை, லண்டனைப் புகைமூட்டம் மூடியது. குளிர்காற்று நகரத்தின்மேல் அசையாமல் நிற்க, இலட்சக்கணக்கான வீட்டுப் புகைபோக்கிகளும் மின்நிலையங்களும் கக்கிய புகை வெளியேற வழியில்லாமல் போனது. அன்றைய கணக்கில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன.

அப்படியிருந்தும் அரசாங்கம் உடனே அசையவில்லை. சேர் ஹியூ பீவர் தலைமையிலான குழுவின் அறிக்கையும், ஜெரல்ட் நபாரோ என்ற பாராளுமன்ற உறுப்பினரின் தனிநபர் மசோதாவும் நெருக்கிய பிறகுதான் 1956இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. உள்ளூராட்சி சபைகள் புகைக் கட்டுப்பாட்டு வலயங்களை அறிவிக்கலாம், அதற்குள் புகை கக்கும் நிலக்கரி எரிக்கக்கூடாது. இந்தத் தடையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் கண்ணில் பட்டது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு: அடுப்பை மாற்றுகிற நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தடையும் காசும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர்களில் மட்டும் மாற்றம் மெதுவாகத்தான் நடந்தது. அங்கே சம்பளத்தோடு சலுகை நிலக்கரியும் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பிற்போக்குவாதிகள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரிது. அதுவரை வீடுகளுக்கு வந்த எரிவாயு நிலக்கரியிலிருந்து எடுக்கப்பட்டது. ‘ரவுண் காஸ்’ என்பார்கள். காபனோரொட்சைட்டு கலந்த நஞ்சு. 1965இல் வட கடலில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. பிரச்சினை என்னவென்றால், மெதேனாலான இந்தப் புது வாயுவின் வெப்ப அளவு பழையதைப்போல இரண்டு மடங்கு. பழைய அடுப்பில் அதை அப்படியே விட்டால் ஒழுங்காக எரியாது. அதனால் நாட்டில் இருந்த ஒவ்வொரு காஸ் அடுப்பும் ஹீற்றரும் திருத்தப்படவேண்டும்.

தேசியமயமான எரிவாயுத் துறை இதை 1967 முதல் 1977 வரை பத்து வருடத்தில் செய்து முடித்தது. சுமார் 1 கோடி 30 இலட்சம் நுகர்வோர், மூன்றரைக் கோடிக்கும் மேலான அடுப்புகளும் ஹீற்றர்களும். ஊரைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்தார்கள். முதலில் ஒருவர் வந்து வீட்டில் என்னென்ன அடுப்பு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். குறித்த நாளில் அந்தப் பகுதிக்கு மட்டும் வாயுவை நிறுத்தி, குழாயில் மிஞ்சிய பழைய வாயுவை வெளியேற்றி, வீடு வீடாகக் கதவைத் தட்டி பேணர்களை மாற்றினார்கள். இந்த வேலைக்கென்று வீட்டுக்காரர் கையில் யாரும் பில் நீட்டவில்லை. செலவைத் துறை ஏற்றுக்கொண்டது, அதாவது எல்லாருடைய கட்டணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது.

இதை வாசித்தபோது எங்களில் சிலர் உற்சாகமாகிவிட்டோம். "அப்ப செய்தவை, இப்பவும் செய்யலாம்தானே!" ஆனால் இதைப் பொற்காலமாக ஆக்கவும் கூடாது. அடுப்பு இரைகிறது, சுடர் சரியில்லை என்று முறைப்பாடுகள் குவிந்தன. உலர்ந்த புது வாயு பழைய இரும்புக் குழாய்களின் பொருத்துகளில் இருந்த நாரைக் காயவைத்துச் சுருக்க, கசிவுகள் வந்தன. பயம் கூடி, 1970இல் பேராசிரியர் மோர்ட்டன் தலைமையில் ஒரு பாதுகாப்பு விசாரணையே நடந்தது. இன்னொரு தோழி சொன்னது முக்கியமானது: "சனத்திட்ட ஆரும் விருப்பம் கேக்கேல்லையே." உண்மை. வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கவில்லை. தவிர, மாறியது பேணர்தான், வீட்டின் உடம்பு இல்லை. ஹீற் பம்புக்குச் சில வீடுகளில் ரேடியேற்றரைப் பெரிதாக்கவேண்டும், தண்ணீர்த் தாங்கிக்கு இடம் பார்க்கவேண்டும், சுவரில் வெப்பக் காப்பு போடவேண்டும். ஆக, 1967ஐ அப்படியே பிரதி எடுக்க முடியாது.

ஹீற் பம்ப் புதுச் சாமானும் இல்லை. ஜோன் சம்னர் என்ற பொறியியலாளர் 1945இலேயே நொரிச் நகரில் ஆற்று நீரின் வெப்பத்தை எடுத்து ஒரு கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார். 1951இல் லண்டன் றோயல் பெஸ்ரிவல் ஹோலில் தேம்ஸ் நதியைவைத்து இதையே பரிசோதித்தார்கள். ஆனால் மலிவான எரிபொருள் கையில் இருந்த நாட்டில் அது பரவவில்லை.

இப்போது சித்தப்பாவின் பொயிலருக்கு வருவோம். 1986இல் பிரிட்டிஷ் காஸ் தனியார்மயமானது. பத்து வருடம் வீடு வீடாகத் தட்டிய அந்த அமைப்பு, அந்த வடிவில் இன்றைக்கு இல்லை. 2020இல் அரசாங்கம், 2028ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு 6 இலட்சம் ஹீற் பம்புகள் என்று இலக்கு வைத்தது. 2023இல் விற்றது அதில் பத்தில் ஒரு பங்களவு. 2022இல் 5,000 பவுண் மானியம் தொடங்கியது, அடுத்த வருடம் 7,500 ஆனது. மானியம் இல்லாமல் பார்த்தால் பூட்டுகிற செலவு சாதாரணமாகப் பத்தாயிரம் பவுணைத் தாண்டும். வாடகைக்கு இருப்பவருக்கோ முடிவெடுக்கும் உரிமையே இல்லை.

பூட்டிய பிறகும் கணக்கு இடிக்கிறது. அங்கே ஒரு அலகு மின்சாரம் ஒரு அலகு எரிவாயுவைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு விலை. மூன்று மடங்கு வெப்பம் தருகிற இயந்திரத்துக்கு நான்கு மடங்கு விலையில் தீனி போட்டால் மிச்சம் எங்கே? இந்த விலை வித்தியாசம் இயற்கை தந்ததும் இல்லை. பசுமைத் திட்டங்களுக்கான அறவீடுகளை எரிவாயு பில்லைவிட மின்சார பில்லில் அதிகமாகச் சுமத்திவைத்தது அரசாங்கங்களின் முடிவு.

இந்த இடைவெளியில்தான் அரசியல் புகுந்தது. 2023 செப்டெம்பரில் பிரதமர் ரிஷி சுனக், 2035இல் காஸ் பொயிலர் விற்பனையை முடிக்கும் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு விலக்கு என்று அறிவித்தார். அதே வருடம் எல்ஸ்மியர் போர்ட்டில் உள்ள விற்பி என்ற இடத்தில் வீடுகளுக்கு ஐதரசன் கொடுத்துப் பார்க்கும் திட்டம் குடியிருப்பாளர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. எங்களைப் பரிசோதனை எலி ஆக்காதீர்கள் என்பதுதான் அவர்களுடைய பேச்சு. ஜேர்மனியிலும், புதிய வெப்பமாக்கிகள் 65 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இயங்கவேண்டும் என்ற சட்டமூலம் முதலில் வந்தது, மானியத்தின் முழு விபரம் பிறகுதான் தெளிவானது. அந்த இடைவெளியில் எழுந்த கோபம் ஆளும் கூட்டணியையே ஆட்டியது.

நாங்களும் ஒரு எரிபொருள் மாற்றத்தைப் பார்த்தவர்கள்தான். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்து, வசதியானவர்கள் மின்அடுப்பு வாங்கினார்கள். மார்ச் கடைசியில் கரண்ட் கட் 13 மணித்தியாலம் வரை போக, அவர்களும் முழித்தார்கள். மற்றவர்கள் விறகுக்குத் திரும்பினார்கள். அப்போது எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. அந்த அனுபவத்தோடு பார்க்கையில், மாறத் தயங்குகிற ஒருவரை உடனே சூழலுக்கு எதிரி என்று சொல்ல எங்களால் முடியவில்லை. அதற்காகக் காஸ் பொயிலரே நல்லது என்றும் நாங்கள் சொல்லவரவில்லை. மாறத்தான் வேண்டும். 1956உம் 1967உம் சொல்வது, செலவைப் பொதுவில் ஏற்றால் சனம் மாறும் என்பதை. தனித்தனி வீட்டின் மனச்சாட்சியில் அதைக் கட்டிவிட்டால், முதலில் மாறுவது வசதி உள்ளவர்கள், கடைசியில் பழைய குழாயின் செலவைச் சுமப்பது மிச்சம் உள்ளவர்கள்.

கட்டுரையை முடிக்கும்போது சித்தப்பாவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டோம். பழைய பொயிலருக்கு ஒரு பார்ட்ஸ் மாற்றியிருக்கிறாராம். "அடுத்த வருஷம் பாப்பம்" என்று பதில் வந்தது.