கல்லிலிருந்து கத்தி வரை

திருவள்ளூர் மாவட்டத்துக் கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் உள்ள அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரில், 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டெடுத்த கற்கருவிகளைக் கூர்ந்து நோக்குவோமாயின், நல்ல கத்தியின் லட்சணங்கள் இரும்புக்கும் முற்பட்டவை என்பது புலனாகும். சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வாழ்ந்த ஆதிமனிதர், குவார்ட்சைட் கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஒருபுறம் உள்ளங்கைக்கு இசையவும் மறுபுறம் விளிம்பு கூர்மை பெறவும் அமைத்தனர். விளிம்பு மழுங்கினால், மேலும் ஒரு சில்லைப் பெயர்ப்பதே அதற்குச் சாணை.

அதே மாவட்டத்தின் வடகோடியான கும்மிடிப்பூண்டியில் இன்று பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள. ஆயினும் அக்கம்பி கத்திக்கு உதவாது. கரிச்சத்து மிகுந்த லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, பதமிட்டு, அதன் வால் கைப்பிடிக்குள் ஆழ இறங்கும்படி கொல்லர் செய்து தரும் வெட்டுக்கத்தியே சொற்ப விலையில் நெடுங்காலம் உழைப்பது.

அத்தகைய கத்தி ஈரத்தில் கிடந்தால் துருவேறும். பொறி பறக்கும் சக்கரத்தில் நெடுநேரம் பிடித்தால் விளிம்பு நீலம் பாய்ந்து பதம் இழக்கும். ஆகவே நீர் தெளித்த கல்லில் ஒரே சாய்வில் நிதானமாகத் தீட்டி, துடைத்து, துளி தேங்காயெண்ணெய் பூசி வைப்பதே அதனைப் பேணும் முறையாகும்.