வகுப்பறையில் லேப்டாப்: டீச்சர் என்ன செய்தால் பலன் கிடைக்கும்? விழுப்புரம், திண்டிவனம் உதாரணத்தோடு ஒரு விளக்கம்

வகுப்பில் லேப்டாப் இருக்கு, திரை இருக்கு, நெட்டும் இருக்கு. ஆனா பிள்ளைங்க பாடத்தைக் கத்துக்கிட்டாங்களா? அது அந்த 40 நிமிடத்தை ஆசிரியர் எப்படித் திட்டமிட்டார் என்பதைப் பொறுத்தது. ஏன் அப்படி? ஆசிரியர் என்னதான் செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம பள்ளிகளில் என்னென்ன இருக்கு?

2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. 2025-26 பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பும் வந்தது.

இவை மாணவர் கைக்கு வந்தவை. பள்ளிக்குள் வந்தவை தனி. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு டேப்லெட் எனப் பட்டியல் நீளுது. பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கு. 2023-ல் மணற்கேணி செயலியும் வந்தது. ஆக, கருவி ஓரளவு வந்தாச்சு. மிச்சம் இருப்பது அதை வைத்துப் பாடம் நடத்தும் வேலை.

கந்தாடு பள்ளியில் நடந்தது என்ன?

விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் பக்கம் உள்ள ஊர் கந்தாடு. இங்குள்ள ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியின் ஆசிரியை அன்னபூர்ணா மோகன், தன் நகைகளை விற்று வகுப்பறையை மாற்றியமைத்தார் என்ற செய்தி 2017-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தொடுதிரைப் பலகை, புது இருக்கைகள், ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் அந்த அறைக்கு வந்தன.

செய்தியில் நகை விற்றதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஆனா கவனிக்க வேண்டியது வேறொன்று. பலகை வருவதற்கு முன்பே அவர் ஃபோனெடிக்ஸ் முறையில், அதாவது எழுத்தின் ஒலியைப் பிடித்துப் படிக்கும் முறையில், ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வந்தார். பிள்ளைகள் பேசும் வீடியோக்களை ஃபேஸ்புக்கில் போட்டார். அதைப் பார்த்து வெளிநாட்டில் இருப்பவர்களும் உதவினார்கள். முதலில் கற்பிக்கும் முறை, அதற்குப் பிறகுதான் கருவி. இந்த வரிசைதான் முக்கியம்.

வரிசை மாறினால்?

இதற்கு உதாரணம் தென் அமெரிக்க நாடான பெரு. ‘குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ என்ற உலகளாவிய திட்டத்தில், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களை அந்நாட்டு அரசு வாங்கியது. அங்குள்ள 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது அதிகரித்திருந்தது. ஆனா கணக்கு, மொழிப்பாடத் தேர்வு மதிப்பெண்களில் முன்னேற்றம் தெரியவில்லை. கருவியைப் பாடத்தோடு இணைக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்குப் போதாமல் போனது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அப்போ டீச்சர் என்ன செய்யணும்?

நம்ம ஊர்க் கணக்கு ஒன்றையே எடுத்துக்கலாம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனம் அருகே உள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஆண்டு முழுக்கவே சராசரியாக 100 செ.மீ. அளவுக்குப் பெய்யும் மாவட்டம் இது. 8-ம் வகுப்புக்கு இதை ஒரு பாடமாக மாற்றுவது எப்படி?

வகுப்புக்கு முன்: இன்னைக்கு பிள்ளைங்க எதைக் கத்துக்கணும் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே அது, ‘அட்டவணையைப் படித்து வரைபடமாக்குவது’. அன்றைய நாளிதழ்களில் வந்த மழை அளவுகளைத் தொகுத்து, எல்லா லேப்டாப்பிலும் முன்னாடியே ஏற்றிவிட வேண்டும். சார்ஜ் இருக்கா என்றும் பார்க்கணும். வீடியோ காட்டுவதாக இருந்தால், எந்த நிமிடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கணும் என்று குறித்து வைக்கணும். நெட் வரும் என்று நம்பி வகுப்புக்குள் போனால் பாதி நேரம் சுற்றும் வட்டத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

வகுப்பில்: லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒரு கேள்வி. “ஒரு வருஷ மழையில பாதி, ஒரே நாள்ல பெஞ்சா நம்ம ஊரு ஏரி என்ன ஆகும்?” யூகத்தை நோட்டில் எழுதட்டும். பிறகு ஒரு லேப்டாப்புக்கு நாலு பேர். ஒருவர் தட்டச்சு, ஒருவர் எண்களை வாசிக்க, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் நோட்டில் குறிக்க. 5 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறணும். இல்லையென்றால் நல்லா தெரிந்த பிள்ளையே கடைசி வரை கீபோர்டைப் பிடித்திருக்கும், மற்ற மூணு பேரும் வேடிக்கை பார்ப்பாங்க. ஆசிரியர் மேஜையில் உட்காராமல் திரைகளைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

வரைபடம் வந்ததும் லேப்டாப்பை மூடச் சொல்லணும். மழைத் தண்ணீர் சங்கராபரணி ஆற்றில் எப்படிச் சேர்ந்தது, வீடூர் அணைக்கு எவ்வளவு வந்திருக்கும், தங்கள் தெருவில் எவ்வளவு நின்றது என்று பேச வைப்பது ஆசிரியரின் வேலை.

வகுப்புக்குப் பின்: வரைபடத்திலிருந்து புரிந்ததை ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். யாருக்குப் புரியலை என்பது அங்கேதான் தெரியும். அடுத்த நாள் பாடம் அதிலிருந்து தொடங்கணும்.

ஒரே ஒரு லேப்டாப்தான் இருக்கு என்றால்?

அதுவும் போதும். திரையில் காட்டி, பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் வரச் சொல்லலாம். பெயர் கூப்பிடும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

ஆசிரியர் மேல் மட்டும் பாரத்தைப் போடலாமா?

கூடாது. இப்படி ஒரு வகுப்புக்குத் தயாராக ஒரு மணி நேரமாவது வேணும். ஆனா எமிஸ் தளத்தில் விவரங்களைப் பதிவு செய்வதிலேயே நேரம் போய்விடுகிறது என ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. பழுதானால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் சரியாகும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பயிற்சி என்றால் எந்த பட்டனை அழுத்துவது என்பதோடு முடியக் கூடாது. விழுப்புரம், திண்டிவனம் கல்வி மாவட்டங்களில் ஒரே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து இதுபோல பத்துப் பாடங்களைத் தயாரித்தால், எல்லாப் பள்ளிக்கும் அது பயன்படும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

“இன்னைக்கு கம்ப்யூட்டர்ல என்ன பார்த்தீங்க?” என்று கேட்டால், “வீடியோ” என்று பதில் வரும். “என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்க. அந்தப் பதிலை வைத்தே வகுப்பில் லேப்டாப் எப்படிப் பயன்படுது என்று தெரிந்துகொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.