ஆயுதம் ஏந்திய நம் வீட்டுப் பிள்ளைகள்

1980-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள். உரோமை நகரின் ஆலயம் ஒன்றில் அடக்கத் திருப்பலி நடைபெற்றுக்கொண்டிருந்தது. பேழையில் கிடந்தவர் வித்தோரியோ பாஷ்லே. சட்டப் பேராசிரியர், நீதித்துறை உயர்மன்றத்தின் துணைத் தலைவர், 1964 முதல் 1973 வரை இத்தாலியக் கத்தோலிக்கச் செயல் இயக்கத்தை வழிநடத்திய பொதுநிலையினர். இரு நாள்களுக்கு முன், வகுப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் நடந்து வந்தவரைச் 'சிவப்புப் படை' என்னும் தீவிரவாதக் குழுவினர் சுட்டுக் கொன்றிருந்தனர். விசுவாசிகள் மன்றாட்டின்போது அவருடைய மகன் ஜொவான்னி, தந்தையைக் கொன்றவர்களுக்காகவும் வேண்டினார். நீதி தன் கடமையைக் குறைவறச் செய்யட்டும். ஆயின் நம் நாவில் பழி தோன்றாது மன்னிப்பே தோன்றட்டும் என்பது அம்மன்றாட்டின் கருத்து.

அவர் யாருக்காக வேண்டினார்? எல்லை தாண்டி வந்த பகைவருக்காக அன்று. தம் நாட்டின் மக்களுக்காகவே. 1970-இல் சிவப்புப் படையை நிறுவியவர்களுள் ரெனாத்தோ குர்ச்சோ, மார்கெரித்தா காகொல் என்னும் இணையர் இருந்தனர். பொதுச்சங்கத்தால் நாம் நன்கறிந்த திரெந்து நகரிலே சமூகவியல் பயின்றவர்கள் இவர்கள். மார்கெரித்தா பக்தி மிகுந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் மகள். இருவரும் ஆலயத்திலே மணம் புரிந்தவர்கள். வேறு சிலர் பொதுவுடைமைக் குடும்பங்களிலிருந்து வந்தனர். இவர்களை 'அந்நியர்' என்று ஒதுக்கிவிட இத்தாலியில் எவராலும் இயலவில்லை.

இப்பிள்ளைகளை ஆயுதத்தின்பால் இழுத்தது எது? 1969-இல் வட இத்தாலிய ஆலைகளில் பெரும் போராட்டங்கள் எழுந்தன. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று மிலான் நகர வங்கியொன்றில் வெடித்த குண்டு 17 உயிர்களைக் குடித்தது. அது புதிய பாசிசவாதிகளின் செயல் எனப் பின்னாளில் நீதிமன்றங்கள் கண்டன. அன்றோ காவல்துறை அராசகவாதிகளைப் பிடித்தது. அவர்களுள் ஒருவரான இரயில்வே தொழிலாளி ஜுசெப்பே பினெல்லி, விசாரணையின்போது காவல் தலைமையகத்தின் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அரசின் நீதிமேல் இளைஞர் பலருக்கு இருந்த நம்பிக்கை அத்துடன் ஆட்டங்கண்டது.

காயம் உண்மையானது, அதற்குத் தேடிய மருந்துதான் நஞ்சாயிற்று. முதலில் ஆலை மேலாளர்களின் வாகனங்களுக்குத் தீ வைத்தனர். பின்னர் ஆள் கடத்தினர். பிறகு கால்களில் சுட்டனர். 1976-இல் திட்டமிட்ட கொலையில் வந்து நின்றனர். தலைமறைவு வாழ்வு பெற்றோரிடமிருந்தும் நண்பரிடமிருந்தும் அவர்களைப் பிரித்தது. மறுத்துப் பேசுவார் இல்லாத இடத்தில், எதிரில் நிற்பவன் மனிதனாகத் தோன்றாது வெறும் அடையாளமாகத் தோன்றினான். 1978 மார்ச் 16 அன்று முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவின் காவலர் ஐவரைக் கொன்று அவரைக் கடத்தினர். எந்நிபந்தனையுமின்றி அவரை விடுவிக்குமாறு திருத்தந்தை ஆறாம் பவுல் மடல் எழுதி இறைஞ்சினார். 55 நாள்களுக்குப்பின், மே 9 அன்று, மோரோவின் உடலே கிடைத்தது.

அந்நாள்களில் 'அரசின் பக்கமும் இல்லை, படையின் பக்கமும் இல்லை' என்னும் முழக்கம் பலர் நாவில் வழங்கிற்று. தீவிரவாதம் இத்தகைய நடுநிலையிலேதான் நிழல் தேடியது. அந்நிழலை அகற்றியவர் ஒரு தொழிலாளி. ஜெனோவா நகர எஃகாலையின் தொழிற்சங்கப் பிரதிநிதி குய்தோ ரோஸ்ஸா பொதுவுடைமைக் கட்சியினர். ஆலைக்குள் சிவப்புப் படையின் அறிக்கைகளைப் பரப்பிய ஊழியர் ஒருவரைப் பற்றி அவர் புகார் செய்தார். பிறர் பின்வாங்கியபோதும் தனியொருவராய்ச் சாட்சி சொன்னார். 1979 சனவரி 24 அன்று வைகறையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். தொழிலாளருக்காகவே போராடுகிறோம் என்றவர்கள் ஒரு தொழிலாளியைக் கொன்றனர்! இறுதி ஊர்வலத்தில் சுமார் 2,50,000 பேர் திரண்டனர். ஆலைகளில் அவர்களுக்கிருந்த மௌன ஆதரவு அன்றுமுதல் வற்றத் தொடங்கிற்று.

காவல்துறையின் உழைப்பும் பெரிது. எனினும் சிறையில் அடைத்ததோடு கதை முடியவில்லை. ஜொவான்னியின் மன்றாட்டு சிறைச்சுவர்களையும் கடந்து சென்றது. 1983-இல் 18 கைதிகள், பாஷ்லேயின் உடன்பிறந்தவரான இயேசு சபைக் குரு அதோல்ஃபோ பாஷ்லேக்கு மடல் எழுதி அழைத்தனர். அவரும் ஆண்டுக்கணக்கில் சிறை சிறையாகச் சென்றார். 1984 சூன் திங்களில் மிலான் பேராயர் இல்லத்தில் ஒருவர் சில பைகளை வைத்துச் சென்றார். திறந்தபோது உள்ளே துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இருந்தன. சிறைகளுக்குச் சென்று கைதிகளைச் சந்தித்து வந்த பேராயர் கர்தினால் மார்த்தினியிடம் ஒரு தீவிரவாதக் குழு தன் ஆயுதங்களை ஒப்படைத்த விதம் அது. வன்முறையைக் கைவிட்டோர்க்குத் தண்டனையைக் குறைக்கும் சட்டத்தை 1987-இல் நாடாளுமன்றம் இயற்றியது. இதன்பின்னும் 1988, 1999, 2002 ஆண்டுகளில் கொலைகள் நிகழ்ந்தன என்பதை மறைக்கலாகாது. ஆயினும் பழைய வலிமை அவர்களுக்குத் திரும்பவேயில்லை.

ரோஸ்ஸாவின் துணிவும் ஜொவான்னியின் மன்னிப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னது வன்முறைக்குக் கதவை அடைத்தது. பின்னது மனிதனுக்குக் கதவைத் திறந்து வைத்தது. அடைப்பது மட்டும் போதுமெனில், திரும்ப விரும்புவோனுக்கு வழியில்லை. திறப்பது மட்டும் போதுமெனில், கொல்லப்பட்டோர்க்கு நீதியில்லை.

நம் பங்குகளிலும் இளைஞர் உண்டு. அவர்கள் கண்ட அநீதிகளும் உண்டு. வேலையின்மையைப் பற்றி, சாதி இழிவைப் பற்றி, மறுக்கப்பட்ட நீதியைப் பற்றி அவர்கள் சினந்து பேசும்போது நாம் செவிசாய்க்கிறோமா? அன்றி, 'கோயிலுக்குள் அரசியல் வேண்டாம்' என்று வாயடைக்கிறோமா? அச்சினம் ஒரு மனிதனை வெறும் பெயர்ப்பலகையாக்கி வெறுக்கத் தொடங்கும் வேளையில், 'தம்பி, இது தவறு' என்று முகத்துக்கு நேரே சொல்லும் அண்ணன் ஒருவராவது நம் அன்பியத்தில் இருக்கிறாரா? அடுத்த கூட்டத்தில் இவ்விரு கேள்விகளையும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.