குளத்து நீரும் குளோரினும்: ஒரு சிறு வரலாறு



நம் பக்கத்தில் தோப்புக்குள் விடுதி கட்டுகிறவர்கள் இப்போது நீச்சல் குளமும் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய பழைய மாணவர் ஒருவர், "பவுடரா, திரவமா, மாத்திரையா, உப்பு மெஷினா? எதைப் போடலாம் சார்?" என்று கேட்டிருந்தார். இந்த நான்குக்கும் வரலாறு உண்டு. அது தெரிந்தால் தேர்வு எளிது.

டெல்டாவில் குளம் இல்லாத ஊர் கிடையாது. தஞ்சாவூரில் செவ்வப்ப நாயக்கன் ஏரி நீரைச் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து அய்யன்குளத்துக்கும் கொண்டுபோக 'ஜலசூத்திரம்' என்ற நிலத்தடிப் பாதையே இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் குளத்தில் புது நீர் சேரும். அதுதான் அன்றைய சுத்திகரிப்பு. வரத்து நின்றால் குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாம் அதே தேங்கிய நீர். பிறகு வாந்திபேதி. 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார்.

ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்ற விஞ்ஞானி, கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடும் முறையைப் பரப்பினார். நீர் இளஞ்சிவப்பாகும். நிறம் போனால் மருந்தும் தீர்ந்தது. பிறகு சேரும் கிருமிக்குத் தடை இல்லை.

நீரில் தங்கிக் காவல் காக்கும் மருந்தாக வந்தது பிளீச்சிங் பவுடர். கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் துணி வெளுப்பதற்காக 1799இல் காப்புரிமை பெற்ற பொருள் அது. 1908இல் ஜான் லீல் என்ற மருத்துவர் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி குடிநீரில் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைக் கலந்தார். வழக்கு நடந்தது, முறை சரியென்றே முடிவானது. 1910 வாக்கில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் 70,000 கேலன் நீச்சல் குளத்திலும் குளோரினைச் சோதித்தார்கள்.

நம் காவிரிக்கும் இதில் பங்குண்டு. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1936இல் அதே ஊரில் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். இன்றைய உப்பு மெஷின் அந்தத் தொழிற்சாலையின் குட்டிதான்.

இனி தேர்வுக்கு வருவோம். நான்கும் நீரில் தருவது ஒரே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத்தான். வேறுபாடு, கூடவே எதை விட்டுச் செல்கிறது என்பதில்.

பவுடர்: புதிதாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு குளோரின். நம் ஊர் ஈரக்காற்றில் வீரியம் குறையும். சுண்ணாம்பு படியும்.

திரவம்: 10 முதல் 12 சதவீதம். கசடு இல்லை. வெயிலில் வைத்தால் சில வாரங்களில் பலம் இழக்கும்.

மாத்திரை: 90 சதவீதம். அதிலுள்ள சயனூரிக் அமிலம் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். ஆனால் அது நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் குளோரினை வேலை செய்யவிடாது. நீரை மாற்றுவதுதான் வழி.

உப்பு மெஷின்: லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு வேண்டும். கரண்ட் போனால் குளோரினும் நிற்கும். அதைவிடப் பெரிய கவலை வேறு. நெல் உப்பைத் தாங்காத பயிர். குளத்தைக் காலி செய்யும் நீரும், வடிகட்டியைக் கழுவும் நீரும் எந்த வாய்க்காலில் போய்ச் சேரும்? பக்கத்து வயல்காரர் என்ன பாவம் செய்தார்?

அதனால் வயல் சூழ்ந்த இடத்துக்கு நான் சொல்வது திரவம். பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள். தொடக்கத்தில் சிறிதளவு சயனூரிக் அமிலம் போதும். தினமும் இருவேளை சோதித்து, குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.6 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 1915இல் ஈப்ர போர்க்களத்தில் வீரர்களைக் கொன்றது இதே குளோரின் வாயுதான். திரவத்தோடு அமிலம் கலந்தால் அந்த வாயு கிளம்பும். பவுடரும் மாத்திரையும் ஒரே வாளியில் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கலாம். வாளியைத் தூக்குவது முதலாளி அல்ல, மாதச் சம்பளத்துக்கு வரும் ஒரு பையன். மருந்து வாங்கும் முன் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். கையுறையும் கண்ணாடியும் வாங்கிக்கொடுங்கள்.